யாருடைய வேகம்?

ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சைக்கிள் பயணத்துக்கான அழைப்புகளில் தவறாமல் வரும் மூன்று வாக்கியங்கள் உண்டு. "ஈசி ரைடுதான். எல்லாரும் வரலாம். யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம்." முதலாவது வேகம் பற்றிய வாக்குறுதி. இரண்டாவது யாருக்கு இடமுண்டு என்பது பற்றியது. மூன்றாவது கடைசியில் வருபவருக்குக் கொடுக்கும் சத்தியம். சாங்கி கடலோரச் சாலையில் பத்து கிலோமீட்டர் போவதற்குள் இந்த மூன்றும் உடைந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். உடைத்தது யார் என்று விசாரித்தால் ஒருவர்கூட அகப்படமாட்டார். எல்லோரும் நல்லவர்கள். பஞ்சர் ஆனால் இறங்கி ட்யூப் மாற்றிக் கொடுப்பவர்கள், தண்ணீர் தீர்ந்தால் தன் பாட்டிலை நீட்டுபவர்கள். ஆனாலும் ஒருவர் பின்னால் தனியாக விடப்பட்டிருப்பார்.

கெட்டவர் எவருமே இல்லாத இடத்தில் ஒருவர் எப்படிக் கைவிடப்படுகிறார்? சைக்கிளைவிடப் பெரிய விஷயங்களுக்கும் பொருந்தும் கேள்வி இது என்பதால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. போட்டியில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. அங்கே பின்தங்குபவர் தோற்றவர், அவ்வளவுதான். அமெச்சூர் குழுப் பயணத்தில் பரிசு கிடையாது. முடிவில் அப்பர் தாம்சன் சாலைப் பரோட்டாவும் தே தாரிக்கும்தான் காத்திருக்கின்றன. ஒன்றாகப் போவதற்காகத்தான் கூடுகிறோம். ஒன்றாகப் போக முடியவில்லை என்றால் அந்தக் காலை எதற்காக?

நான் குழுவின் நடுவில் ஓட்டுகிறவன். முன்னால் நின்று காற்று வாங்கியதும் உண்டு, கடைசியில் தொங்கிக்கொண்டு வந்ததும் உண்டு. இரண்டு இடங்களிலும் உலகம் வேறு வேறாகத் தெரிகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

காற்றிலிருந்து தொடங்கலாம். சமதளத்தில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவர் செலவழிக்கும் சக்தியின் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அந்த எதிர்ப்பை வெல்லத் தேவையான திறனோ வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடும். 30-லிருந்து 33-க்குப் போனால் வேகம் 10 சதவீதம்தான் கூடியிருக்கும். காற்றுக்குக் கொடுக்கும் விலை 33 சதவீதம் கூடிவிடும். முன்னால் ஓட்டும் பலசாலி "கொஞ்சம்தானே ஏத்தினேன்" என்று சொல்வது பொய்யல்ல. அவர் பார்ப்பது வேகத்தை. பின்னால் வருபவரின் தொடைகள் கணக்கு வைப்பது திறனை. இரண்டும் ஒரே எண் அல்ல.

முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டி ஓட்டினால் காற்றுச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். குழுவாக ஓட்டுவதன் அதிசயமே இதுதான். தனியாக எட்டமுடியாத வேகத்தை இன்னொருவரின் முதுகு நமக்குக் கொடுத்துவிடுகிறது. ஆனால் அந்தச் சலுகைக்கு ஓர் எல்லை இருக்கிறது. சில சைக்கிள் நீளங்கள் பின்தங்கினால் போதும், அந்த மறைப்பு போய்விடும். ஏற்கெனவே களைத்துப்போன ஒருவர், களைத்த அந்தக் கணத்திலேயே, முழுக் காற்றையும் தனியாகத் தள்ள வேண்டியிருக்கும். எனவே குழுவில் 'கொஞ்சமாகப் பின்தங்குவது' என்று ஒன்று இல்லை. ஒட்டிக்கொண்டிருக்கிறோம் அல்லது விழுந்துவிட்டோம். எங்களுக்குள் இதை "டிராப் ஆயிட்டாரு" என்போம். மலையிலிருந்து ஒருவர் விழுவதைப் போன்ற சொல். யாரும் தள்ளவில்லை, அவரே ஆகிவிட்டார் என்பது போன்ற இலக்கணமும்கூட.

சிக்னல்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். பச்சை விழுந்ததும் முதல் ஆள் கிளம்புவார். பத்தாவது ஆள் கிளம்பச் சில நொடிகள் ஆகும். அதற்குள் முன்னவர் வேகம் எடுத்துவிட்டால், பின்னவர் இடைவெளியை மூட முன்னவரைவிட வேகமாக ஓட்டியாக வேண்டும். முன்னால் அது மென்மையான புறப்பாடு. பின்னால் அது ஸ்பிரிண்ட். ஒவ்வொரு சிக்னலிலும் ஒவ்வொரு வளைவிலும் ஆர்மோனியப் பெட்டியின் துருத்தி போல வரிசை சுருங்கி விரியும். ஒரே பாதையை ஒரே சராசரி வேகத்தில் முடித்த இருவரில் முன்னவர் சீராக ஓட்டியிருப்பார், பின்னவர் இருபது முப்பது தடவை பாய்ந்திருப்பார். பரோட்டாக் கடையில் முன்னவர், "இன்னைக்கு நல்ல ஈசி பேஸ், இல்ல?" என்பார். உண்மையாகத்தான் சொல்வார்.

இதில் ஒழுக்கப் பிரச்சினை வேகம் அல்ல. முடிவெடுப்பவரின் உடம்பில் அந்த முடிவின் விலை தெரிவதில்லை என்பதுதான். முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்த்தால் ஒழிய பின்னால் நடப்பது அவருக்குத் தெரியாது. வேகமாகப் போகும்போது திரும்பிப் பார்ப்பது கடினம். வேகம் கூடக் கூட அறியாமையும் கூடுகிறது.

இன்னொரு பழக்கம் உண்டு. இருவர் பக்கத்துப் பக்கத்தில் பேசிக்கொண்டே போகிறார்கள். ஒருவருடைய முன்சக்கரம் மற்றவருடையதைவிட அரைச் சக்கரம் முன்னால் போகிறது. இவர் சமப்படுத்துகிறார். அவர் அறியாமலே மறுபடி அரைச் சக்கரம் முன்னேறுகிறார். இருவருக்கும் போட்டி எண்ணம் இல்லை. பேச்சு வீட்டு வாடகை பற்றியோ பிள்ளையின் பி.எஸ்.எல்.இ. தேர்வு பற்றியோ இருக்கும். ஐந்து கிலோமீட்டரில் 28 என்பது 34 ஆகியிருக்கும். இந்த ஆறு கிலோமீட்டரை யார் கூட்டியது? ஒவ்வொரு தனிச்செயலும் குற்றமற்றது, கண்ணுக்கே தெரியாதது. கூட்டுத்தொகை மட்டும் ஒருவரை வெளியே தள்ளுகிறது. பொறுப்பை ஆளுக்காள் பிரித்துக்கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் கிட்டத்தட்டப் பூஜ்யம்தான் வரும். அதனால்தான் 'யார் தவறு' என்று கேட்பது பயனற்றது என்று நினைக்கிறேன். 'யார் கவனித்திருக்க வேண்டும்' என்பதே சரியான கேள்வி. அதற்கு விடை உண்டு: கவனிக்கச் சக்தி மிச்சம் இருப்பவர். மூச்சு வாங்குகிறவரால் தன் மூச்சைத் தவிர வேறெதையும் கவனிக்க முடியாது. மூச்சு மிச்சம் இருப்பவரிடம்தான் பொறுப்பும் இருக்கிறது.

இப்போது வார்ம்-அப். "நம்ம ஊர்ல எதுக்கு வார்ம்-அப்? வெளிய நின்னாலே வேர்க்குதே!" என்பது சிங்கப்பூர்ச் சைக்கிள்காரர்களின் பழைய நகைச்சுவை. வேர்ப்பது தோல். தயாராக வேண்டியது இதயமும் தசையும். அமைதியாக இருந்த உடல் திடீரென வேலையைத் தொடங்கும்போது தசை கேட்கும் அளவு ஆக்சிஜன் உடனே கிடைப்பதில்லை. மிதமான வேகத்திலேயே அந்த ஓட்டம் சமநிலைக்கு வர இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதுவரை உடல் கடன் வாங்கித்தான் ஓடுகிறது. நன்கு பயிற்சி பெற்றவருக்கு இந்தத் தாமதம் குறைவு. பயிற்சி குறைந்தவருக்கு அதிகம். நம் வெப்பத்தில் வேறொன்றும் சேர்கிறது. உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போக வேண்டும், தசைக்கும் போக வேண்டும். ஆரம்பத்திலேயே எகிறியவர் அதன் வட்டியைக் கடைசி இருபது கிலோமீட்டரில் கட்டுவார்.

காலை ஆறு மணிக்குக் கூடும் இடத்தைப் பாருங்கள். உட்லண்ட்ஸிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டே வந்தவர் நிற்கிறார். பக்கத்தில் காரில் சைக்கிளை ஏற்றி வந்து, கார்ப்பார்க்கில் இறக்கி, இன்னும் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பவர் நிற்கிறார். முதலாமவருக்கு எஞ்சின் சூடாகிவிட்டது. இரண்டாமவருக்குச் சாவியே இன்னும் திருகவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் புறப்படுகிறார்கள். ஒரே நேரத்தில் புறப்படுவதும் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதும் ஒன்றல்ல. இதை வாழ்க்கையின் வேறு துறைகளில் நாம் நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறோம். ட்யூஷன் போன பிள்ளையும் போகாத பிள்ளையும் ஒரே தேர்வு மண்டபத்தில் உட்காருவதைச் சமத்துவம் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவோம். சைக்கிளில் ஏறியதும் மறந்துவிடுகிறோம்.

ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியான தன் நூலில் ஒரு கற்பனையை முன்வைத்தார். சமூகத்தின் விதிகளை வகுப்பவர்கள், அந்தச் சமூகத்தில் தாங்கள் பணக்காரரா ஏழையா, பலசாலியா நோயாளியா என்று தெரியாத ஓர் அறியாமைத் திரைக்குப் பின்னால் நின்று வகுக்கட்டும். அப்போதுதான் விதிகள் நியாயமாக இருக்கும் என்றார். கற்பனை என்றாலும் சைக்கிள் குழுவுக்கு அது ஓரளவு நிஜமாகவே கிடைக்கிறது. முதல் பதினைந்து நிமிடம் இன்றைக்கு எப்படி ஓட்டப்போகிறோம் என்பது எவருக்கும் முழுசாகத் தெரியாது. நேற்று நைட் ஷிஃப்ட் பார்த்தவர், காய்ச்சலிலிருந்து எழுந்தவர், நன்றாகத் தூங்கியவர் எல்லோரும் கால்கள் பதில் சொல்லட்டும் என்று காத்திருக்கும் நேரம் அது. போன வாரம் முன்னால் நின்றவர் இந்த வாரம் கடைசி ஆளாகலாம். ஆகவே வேகம் பற்றிய ஒப்பந்தத்தைக் கார்ப்பார்க்கில், உடல் குளிர்ந்திருக்கும்போதே செய்துகொள்வதுதான் நியாயம். சூடான பிறகு பலசாலிக்குத் தான் பலசாலி என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அவர் சொல்லும் 'ஈசி' அவருடைய ஈசி.

வார்ம்-அப்பை உடற்பயிற்சி விதியாக மட்டும் நான் பார்க்காததற்குக் காரணம் இது. மெதுவாக ஓட்டும் அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் எல்லோரும் எல்லோரோடும் பேச முடிகிறது. யாருடைய மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்கிறது. முழு வாக்கியம் பேச முடிகிறவர், இரண்டு சொல்லுக்கொரு முறை நிறுத்துகிறவர், சிரித்து மட்டும் பதில் சொல்கிறவர் என்று காதாலேயே பிரித்தறியலாம். சைக்கிள் கணினி எதுவும் இதைச் சொல்லாது.

"யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம்" என்ற வாக்குறுதியைக் காப்பாற்றும் குழுக்களிலும் ஒரு விசித்திரம் நடக்கும். மண்டாய் மேட்டின் உச்சியில் எல்லோரும் காத்திருக்கிறார்கள். முதலில் வந்தவர் எட்டு நிமிடம் நிற்கிறார், ஜெல் சாப்பிடுகிறார், படம் எடுக்கிறார். கடைசி ஆள் தள்ளாடி வந்து சேர்கிறார். "ஆ, வந்துட்டாரு! சரி போலாம்!" எட்டு நிமிட ஓய்வு தேவையே இல்லாதவருக்குக் கிடைத்தது. அது அவசியமானவருக்குப் பத்து நொடி. காத்திருந்தோம் என்ற நிறைவோடு எல்லோரும் கிளம்புகிறார்கள். கருணை என்று நாம் நினைத்துக்கொள்வது பல நேரங்களில் கணக்கில் இப்படித்தான் முடிகிறது. இதைச் சரிசெய்ய தத்துவம் தேவையில்லை. கடைசி ஆள் வந்த பிறகு ஐந்து நிமிடம் என்று ஒரு விதி போதும். ஆனால் அந்த விதி யாருக்கும் தானாகத் தோன்றுவதில்லை. ஏனென்றால் விதி வகுப்பவர் எட்டு நிமிடம் நின்றவர்.

பின்னால் வருபவருக்கும் கடமைகள் உண்டு. "நீங்க போங்க, நான் மெதுவா வந்துருவேன்." இந்த வாக்கியத்தைத் தமிழரல்லாத நண்பர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தமிழர்கள் குழம்பி நிற்பார்கள். விருந்துக்குப் போன வீட்டில் "இல்லம்மா, சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன்" என்று சொல்வதற்கு ஒப்பானது அது. மூன்றாவது முறை கேட்டால்தான் உண்மை வரும். சில சமயம் அது "எனக்காக நிற்காதீங்க, கூச்சமா இருக்கு" என்று பொருள்படும். சில சமயம் "தனியாக விட்டுடாதீங்க" என்று. சில சமயம் உண்மையிலேயே "என்னைக் கொஞ்சம் நிம்மதியாக ஓட்ட விடுங்கப்பா" என்றுதான்.

காத்திருக்கப்படுவதும் ஒரு வலி. பத்துப் பேர் தனக்காக நிற்பதைப் பார்த்தவர் அந்தக் கடனை அடைக்க அடுத்த பகுதியில் சக்திக்கு மீறி மிதிப்பார். மஞ்சள் விளக்கில் பாய்வார். லாரிக்கும் பேருந்துக்கும் இடையில் நுழைந்து குழுவைப் பிடிக்கப் பார்ப்பார். நான் பயப்படுவது இந்தக் கணத்துக்குத்தான். களைப்பும் வெட்கமும் சேர்ந்த உடம்பு மோசமான முடிவுகளை எடுக்கும். ஆகவே கூச்சப்படாமல் "எனக்கு 26-க்கு மேல முடியாது" என்று ஆரம்பத்திலேயே சொல்வது பலவீனத்தை ஒப்புக்கொள்வதல்ல. மற்றவர்களுக்குத் தேவையான தகவலைக் கொடுப்பது. அதைச் சொல்லக்கூடிய சூழலை உண்டாக்குவது பலசாலிகளின் வேலை. "சும்மா வாங்கண்ணே, உங்களால முடியும்" என்ற ஊக்கம் பல நேரம் அந்த வாயை அடைக்கத்தான் பயன்படுகிறது.

இந்தக் கேள்வி நூறாண்டுக்கு மேல் பழையது. 1903-இல் டூர் டி பிரான்ஸைத் தொடங்கிய ஹென்றி டெக்ராஞ், அதற்கு அடுத்த ஆண்டே போட்டியில்லாத நெடும்பயணங்களுக்கு 'ஆடாக்ஸ்' என்ற முறையை வகுத்தார். அதில் ஒரு கேப்டன் முன்னால் போவார், அவரை யாரும் முந்தக் கூடாது. எல்லோரும் ஒரே வேகத்தில் சேர்ந்து போய்ச் சேர்ந்து முடிக்க வேண்டும். இன்றைக்கும் அந்த முறையின் வழக்கமான வேகம் மணிக்கு 22.5 கிலோமீட்டர். 1921-இல் டெக்ராஞோடு பிணக்கு ஏற்பட்ட பாரிஸ் சங்கம் வேறொரு முறைக்கு மாறியது. அதன்படி ஒவ்வொருவரும் தன் வேகத்தில் போகலாம், குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும். இன்று உலகெங்கும் நடக்கும் 200 கிலோமீட்டர் பயணங்களில் பதின்மூன்றரை மணி நேரக் கெடுவுக்குள் வந்து சேர்பவர்கள் இந்த இரண்டாம் மரபைச் சேர்ந்தவர்கள். ஒன்று கூட்டுறவு, மற்றொன்று சுதந்திரம். இரண்டும் நேர்மையானவை. முதலாவதில் பலசாலி தன் வேகத்தைத் துறக்கிறார். இரண்டாவதில் பலவீனர் தன் துணையைத் துறக்கிறார். யார் எதைத் துறக்கிறார் என்பது முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். நம் ஞாயிறு குழுக்கள் தடுமாறுவது நடுவில். முதல் முறையின் மொழியைப் பேசிக்கொண்டு இரண்டாம் முறையில் ஓட்டுகிறோம்.

'அப்படியானால் வேகத்துக்கேற்பப் பிரிந்துவிடலாமே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சிங்கப்பூரில் சட்டமே ஓரளவு அதைச் செய்துவிட்டது. 2022 ஜனவரி 1 முதல் சாலையில் ஒரு சைக்கிள் குழுவின் நீளம் ஐந்து சைக்கிள்களுக்கு மேல் போகக் கூடாது. ஒற்றை வரிசை என்றால் ஐந்து பேர், அனுமதிக்கப்பட்ட சாலைகளில் இருவர் இருவராகப் போனால் பத்துப் பேர். பாதுகாப்புக்காக வந்த விதிதான். ஆனால் இருபது பேர் வந்தால் யாரை எந்த ஐந்தில் போடுவது என்ற கேள்வி உடனே எழுந்தது. பெரும்பாலும் வேகம்தான் பிரித்தது. வேகமானவர்கள் ஒன்று, நடுத்தரம் ஒன்று, மிச்சமுள்ளவர்கள் ஒன்று.

அது வசதிதான். மறுக்கமாட்டேன். என்றாலும் முழுக்கப் பிரித்துவிட்டால் எதையோ இழக்கிறோம். வேகமானவர்கள் மட்டும் இருக்கும் குழுவிலும் ஒரு கடைசி ஆள் இருப்பார். எப்படிச் சலித்தாலும் சல்லடையில் ஒருவர் மிஞ்சத்தான் செய்வார். கடைசி ஆளை எப்படி நடத்துவது என்று கற்றுக்கொள்ளாமல் ஆட்களைப் பிரித்துக்கொண்டே போனால் இறுதியில் எல்லோரும் தனியாக ஓட்டிக்கொண்டிருப்போம்.

போட்டி உலகமே இதற்கு நல்ல பாடம் வைத்திருக்கிறது. வெலோட்ரோமில் நடக்கும் டீம் பர்சூட்டில் நான்கு பேர் 4 கிலோமீட்டர் ஓட்டுவார்கள். கடிகாரம் நிற்பது முதல் ஆளுக்கு அல்ல, மூன்றாவது ஆளின் முன்சக்கரம் கோட்டைத் தொடும்போது. அங்கே பலசாலி வேகத்தைக் கூட்டினால் அணி உடையும். அதனால் அவர் தன் பலத்தை வேறு விதமாகச் செலவழிக்கிறார்: அதே வேகத்தில் அதிக நேரம் முன்னால் நிற்கிறார். நான்காமவரைக் கழற்றிவிட அங்கும் அனுமதி உண்டு. அது போட்டி. நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஆனால் அந்த உத்தியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பலம் மிச்சம் இருக்கிறதா? வேகத்தைக் கூட்டாதே, நேரத்தைக் கூட்டு. பத்து நிமிடம் காற்று வாங்குவதற்குப் பதில் முப்பது நிமிடம் வாங்கு. உன் பயிற்சியும் வீணாகாது, பின்னால் ஒருவரும் விழமாட்டார்.

வள்ளுவர் 'வலியறிதல்' அதிகாரத்தைத் தொடங்கும்போது நான்கு வலிமைகளை எடைபோடச் சொல்கிறார்: செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணையின் வலிமை. அரசனுக்குச் சொன்னது, துணைவலி என்பது அங்கே படைக்கணக்கு. எங்கள் குழுவில் எதிரி இல்லை என்பதால் மீதி மூன்றுதான். பாதையின் கடினத்தை எல்லோரும் அறிவோம். தன் பலத்தை அறிய இப்போது ஆயிரம் கருவிகள் இருக்கின்றன. துணையின் பலத்தை அறிவதில்தான் குறை. அவர் எவ்வளவு உதவுவார் என்று கணக்கிடுவது அரசனின் அறிதல். அவரால் எவ்வளவு தாங்க முடியும் என்று கவனிப்பது நண்பனின் அறிதல்.

கிராஞ்சி, சுங்கே காடுட் பக்கம் விடியற்காலையில் ஓட்டுபவர்கள் வேறொரு சைக்கிள்காரரையும் பார்த்திருப்பார்கள். பழைய இரும்புச் சைக்கிள், ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை, விடுதியிலிருந்து வேலைத்தளத்துக்குப் போகும் தொழிலாளர். பல நேரம் நம் மொழி பேசுபவர். நாங்கள் வண்ண உடையில் 'ஆன் யுவர் ரைட்' என்று கத்திக்கொண்டு அவரைத் தாண்டிப் போவோம். அவர் வேகத்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. நாள் முழுக்க வெயிலில் நிற்க வேண்டிய கால்கள் அவை. காலையில் சைக்கிளிலேயே அவற்றைச் செலவழித்துவிட முடியாது. வேகக் கட்டுப்பாடு பற்றி நாங்கள் காசு கொடுத்துக் கற்பதை அவர் தேவையால் கற்றிருக்கிறார். அவரை உதாரணமாக்கி உயர்த்திப் பேச எனக்கு விருப்பமில்லை. அவருக்கு அது பாடமல்ல, பிழைப்பு. ஆனால் அவரைத் தாண்டும்போதெல்லாம் ஒன்று உறைக்கிறது. வேகமாகப் போவதா மெதுவாகப் போவதா என்று தேர்ந்தெடுக்க முடிவதே ஒரு வசதி. வசதி இருப்பவர்தான் விட்டுக்கொடுக்கவும் முடியும்.

என் முடிவு பெரிதாக ஒன்றுமில்லை. குழுவின் வேகம் என்பது முன்னால் இருப்பவரின் வேகமல்ல. மிக மெதுவானவரின் வேகமாகவே எப்போதும் இருக்க வேண்டும் என்பதுமில்லை. அது அவர்மேல் பாரத்தை ஏற்றிவைப்பதாகவும் ஆகலாம். புறப்படும்போது என்ன சொன்னோமோ அதுதான் குழுவின் வேகம். 35-இல் போக ஆசை என்றால் 35 என்று எழுதுங்கள். வர முடிந்தவர்கள் வருவார்கள், முடியாதவர்கள் தூங்குவார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. 'ஈசி' என்று எழுதினால் அந்தச் சொல்லை யாருடைய தொடையை வைத்து அளப்பது என்று கார்ப்பார்க்கிலேயே பேசிவிடுங்கள். பிறகு முதல் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். பக்கத்தில் வருபவரிடம் ஏதாவது கேளுங்கள். அவர் முழு வாக்கியத்தில் பதில் சொல்கிறாரா என்று பாருங்கள்.